டெக்சாஸ் ஏரிக்கரைப் பூங்காவில் குதிரை, குடும்பம், ஆர்வி: முகாமுக்கான முழுமையான வழிகாட்டி

குதிரை, பிள்ளைகள், ஆர்வி (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள பயண வண்டி) மூன்றையும் ஒரே முகாமுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: நேரமும் வேகமும் குதிரையின் கணக்கில்தான் ஓடும். ஆர்வியில் கரண்ட் போனால் ஓர் இரவு புழுக்கத்தோடு கழிந்துவிடும். பிள்ளைக்குப் பசித்தால் வாய்விட்டுக் கேட்கும். குதிரை கேட்காது. தண்ணீர் பிடிக்காவிட்டால் குடிக்காமலே நின்றிருக்கும். மறுநாள் காலையில் வயிற்று வலியில் தரையில் புரளும். ஆகவே இந்த வழிகாட்டியில் குதிரைக்கே அதிக இடம்.

வடக்கு டெக்சாஸின் இரண்டு மாநிலப் பூங்காக்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். ஒன்று, டாலஸுக்கு வடக்கே இருக்கும் ரே ராபர்ட்ஸ் ஏரி. மற்றொன்று, ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே இருக்கும் லேக் மினரல் வெல்ஸ். ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதியில் போய்வரத் தோதான தூரம். நண்பர் ஒருவர் குதிரை வைத்திருக்கிறார், நீங்கள் ஆர்வி வாடகைக்கு எடுக்கிறீர்கள், இரு வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கரை, எந்தத் தளம்

ரே ராபர்ட்ஸ் ஒரே பூங்காவாக எண்ணப்பட்டாலும், முகாமிடும் இரண்டு பெரிய பிரிவுகளும் ஏரியின் வேறு வேறு கரைகளில் இருக்கின்றன. ஐல் டு பாய்ஸ் தென்கிழக்குக் கரையில், பைலட் பாயிண்ட் ஊர்ப் பக்கம். ஜான்சன் பிராஞ்ச் வடகரையில். வரைபடத்தில் எதிரெதிரே தெரியும். சாலையில் போனால் ஏரியைச் சுற்றித்தான் போகவேண்டும். குதிரையோடு தங்கும் தளங்கள் ஐல் டு பாய்ஸில் உள்ளன. ஒருவர் ஒரு கரையிலும் மற்றவர் மறுகரையிலும் முன்பதிவு செய்துவிட்டுத் தவிப்பது இங்கே எளிதில் நடக்கக்கூடிய பிழை. பணம் கட்டுமுன் பிரிவின் பெயரை இருவரும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.

ஒரே பிரிவுக்குள்ளும் குதிரைத் தளங்கள் தனி வட்டம், அதாவது தனிப் பகுதி. மின்சாரமும் தண்ணீரும் உள்ள ஆர்வித் தளங்கள் வேறு வட்டம். குதிரைத் தளத்திலும் மின் இணைப்பு இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. அந்தந்தத் தளத்தின் விவரத்தைத் திறந்து பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். எங்கள் பரிந்துரை: குதிரைக்காரர் குதிரைத் தளத்திலேயே தங்கட்டும், குடும்ப ஆர்வி மின்தளத்தில் நிற்கட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் திணிக்கப் பார்த்தால், இரவு முழுக்க ஏசி சத்தத்தில் குதிரைக்கும் உறக்கமில்லை, ஈத்தொல்லையில் பிள்ளைகளுக்கும் உறக்கமில்லை.

டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் முகாம் தளத்தை 5 மாதம் முன்னதாகவே பதிவு செய்யலாம். ஒரு தளத்துக்கு 8 பேர் வரைதான். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையும், மார்ச் மாதமும் சிறந்த காலம். ஏப்ரல், மே மாதங்களில் இடி, ஆலங்கட்டி மழை, சூறாவளி எச்சரிக்கைகள் சகஜம். ஜூலை, ஆகஸ்டில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குதிரை ஏறும் நினைப்பையே விட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்கா அலுவலகத்துக்குக் கட்டாயம் போன் செய்யுங்கள். மழை பெய்து தடம் சேறாகியிருந்தால் குதிரைகளுக்கு மூடிவிடுவார்கள். ஈர மண்ணில் பதியும் குளம்புக் குழி காய்ந்து இறுகிவிட்டால், பிறகு நடப்பவர் காலையும் குதிரைக் காலையும் ஒருசேரப் பிசகவைக்கும். ரே ராபர்ட்ஸ் அணைக்குக் கீழே, டிரினிட்டி ஆற்றின் எல்ம் ஃபோர்க் கிளையை ஒட்டி லூயிஸ்வில் ஏரி நோக்கிப் போகும் கிரீன்பெல்ட் தடம் வெள்ளத்தால் மூடப்படுவதும் உண்டு. மினரல் வெல்ஸில் பழைய ரயில் பாதையின் மேல் போட்ட 20 மைல் தடம் ஒன்று வெதர்ஃபோர்ட் வரை போகிறது. ஏற்ற இறக்கம் குறைவு. புதிதாக ஏறுகிறவர்களுக்கு அதுதான் நல்ல தொடக்கம்.

காகின்ஸ் சான்று

பூங்கா வாயிலில் குதிரைக்காரரிடம் கேட்கப்படும் தாள் இதுதான். குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை நோய் இல்லை என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, 12 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். இந்த நோய் குதிரை ஈக்கள் மூலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். தடுப்பூசியும் இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. நான்கு வீட்டுக் குதிரைகள் ஒரே வட்டத்தில் கட்டி நிற்கும் இடத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது இதிலிருந்தே புரியும்.

கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரச் சில நாட்கள் ஆகும். மூன்று வாரம் முன்பே செய்துவிடுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் தனிச் சான்று வேண்டும். நகல் ஒன்று வண்டியில், படம் ஒன்று போனில். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் படத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீனியும் தண்ணீரும்: கணக்கு

நம் ஊரில் குதிரை என்றதும் கொள்ளு நினைவுக்கு வரும். இங்கே குதிரையின் அடிப்படை உணவு உலர்புல். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் தினமும் வேண்டும். 500 கிலோ குதிரைக்கு 10 கிலோ. இரண்டு குதிரை, மூன்று நாள் என்றால் 60 கிலோ. இரட்டைக் கயிறு கட்டிய சதுரக் கட்டு ஒன்று 23 முதல் 27 கிலோ இருக்கும். மூன்று கட்டு போதும்; நான்கு ஏற்றுங்கள்.

வீட்டில் தின்னும் அதே புல்லையே கொண்டுபோக வேண்டும். திடீரென்று தீனியை மாற்றினால் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தடுமாறி வயிற்று வலி வரும். மாற்றியே ஆகவேண்டுமானால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். டெக்சாஸில் பரவலாகக் கிடைக்கும் கோஸ்டல் பெர்முடா நம் அருகம்புல் இனத்தைச் சேர்ந்தது. மிக மெல்லியது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குக் குடலில் அடைத்துக்கொள்ளும். நம் விவசாயிகள் குதிரை மசால் என்று சொல்லும் அல்ஃபால்ஃபாவில் வேறோர் ஆபத்து. கட்டுக்குள் கொப்புள வண்டு செத்துக் கிடந்தால், அதன் நஞ்சு குதிரையைக் கொல்லும். பிரித்துப் போடும்போது ஒவ்வோர் அடுக்கையும் உதறிப் பாருங்கள். ஒரு வண்டு கண்ணில் பட்டாலும் அந்தக் கட்டை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். அவசரத்துக்கு மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ வாங்கிப் போடவே கூடாது. அவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் குதிரைக்கு எமன்.

ஒரு குதிரைக்கு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும். புது இடத்துக் குழாய்த் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் பல குதிரைகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு வழிகள் உண்டு. வீட்டுத் தண்ணீர் 60 லிட்டராவது கேனில் கொண்டுபோய், பூங்காத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம். அல்லது ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்கி, அங்கேயும் அதையே கலக்கலாம். வாளி உங்களுடையதாக இருக்கட்டும். பொதுத் தொட்டியிலும் பக்கத்துத் தளத்து வாளியிலும் குடிக்க விட்டால் சளிநோய் தொற்றும்.

டிரெய்லர்

வாடகை ஆர்வியின் பின்னால் குதிரை டிரெய்லரை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இழுவையைத் தடைசெய்கின்றன. அனுமதி இருந்தாலும் வேண்டாம். குதிரை டிரெய்லரைத் தனிப் பிக்கப் வண்டி இழுத்து வரட்டும்.

ஏற்றுமுன் பார்க்கவேண்டியவை: இணைப்புக் குமிழின் அளவும் டிரெய்லர்க் கொக்கியின் அளவும் ஒன்றா (2 அங்குலக் குமிழில் 2 5/16 அங்குலக் கொக்கி உட்கார்ந்தது போலத் தெரியும், மேடு பள்ளத்தில் கழன்றுவிடும்), பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் குறுக்காக மாட்டியிருக்கிறதா, வண்டி பிரிந்தால் பிரேக் பிடிக்கவைக்கும் கம்பி தனியாக மாட்டியிருக்கிறதா. டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும். 6 ஆண்டு தாண்டியிருந்தால், மேலே பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வெயிலில் நிற்கும் டிரெய்லர் டயர் உள்ளிருந்தே உளுத்து வெடிக்கும். தரைப் பலகையை, மேல்விரிப்பைத் தூக்கிவிட்டு, கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சிறுநீரில் ஊறி மெத்தென்று இறங்கினால் அதில் குதிரையை ஏற்றக்கூடாது.

இரண்டு குதிரைகள் நிற்கும் டிரெய்லரில் ஒற்றைக் குதிரையோ, இரண்டில் கனமான குதிரையோ, ஓட்டுநர் பக்கம் நிற்கவேண்டும். சாலை வலது ஓரம் நோக்கிச் சரிவதால் எடை இடதில் இருந்தால்தான் வண்டி நேராக நிற்கும். 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

முகாமில் முதல் ஒரு மணி நேரம்

குதிரை வண்டிதான் முதலில் வரவேண்டும், அதுவும் பகல் வெளிச்சம் இருக்கும்போதே. இறக்குமுன் தளத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். நெருப்பெறும்புப் புற்று, உடைந்த கண்ணாடி, கம்பி, ஓக் மரத்தடியில் குவிந்த கொட்டைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இந்த வட்டாரம் ஓக் காடு. இலையுதிர் காலத்தில் குதிரை கொட்டைகளை அள்ளித் தின்றால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

கட்டும் முறை பூங்காவுக்குப் பூங்கா மாறும். மரத்தில் நேரடியாகக் கட்டுவது எங்குமே தவறு: பட்டை உரிந்து மரம் சாகும், குதிரை காலால் பறித்து வேரை வெளியே கொண்டுவரும். பூங்கா போட்டுக்கொடுத்த கம்பத்தையோ கொட்டடியையோ பயன்படுத்துங்கள். உயரக் கயிறு கட்ட அனுமதி இருந்தால்:

1. இரண்டு மரங்களிலும் அகலமான பட்டைவாரைச் சுற்றுங்கள். வெறும் கயிறு மரத்தை அறுக்கும்.
2. வாரிலிருந்து வாருக்குக் கயிற்றை 7 அடிக்கு மேலான உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருந்தால் குதிரை நடுவில் வந்து சிக்கும்.
3. குதிரைக்குக் குதிரை 12 அடியாவது இடைவெளி. மரத்துக்கும் அதேபோல எட்டாத தூரம்.
4. தலைக்கயிற்றின் நீளம், தலை தாழ்த்தினால் தரையில் கிடக்கும் புல்லை எட்டுமளவு. முன்காலைத் தூக்கி அதன்மேல் போட இடம் தரக்கூடாது.
5. முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்வதாக இருக்கட்டும். இடுப்பில் கத்தியும் இருக்கட்டும்.

மின்வேலித் தொழுவம் கொண்டுபோகிறவர்கள் அதை வீட்டில் பத்து நாளாவது பழக்கியிருக்கவேண்டும். வேலி என்றால் என்ன என்று தெரியாத குதிரை, இருட்டில் மான் ஓடினால் நேராக அதை அறுத்துக்கொண்டு போகும்.

லத்தியை நாளுக்கு இரண்டு முறை வாரிப் பூங்கா காட்டும் இடத்தில் போடுங்கள். ஒரு குதிரை ஒரு நாளில் 20 கிலோவுக்கு மேல் போடும். விட்டுவைத்தால் இரண்டாம் நாள் ஈ மொய்க்கும். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தத் தளமே கசந்துபோகும். குதிரை முகாமுக்கு அனுமதி தரும் பூங்காக்கள் குறைவு என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆர்வியை நிறுத்தி இணைப்பது

26,001 பவுண்டுக்குக் குறைவான ஆர்வியை டெக்சாஸில் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். ஆனால் காருக்கு மேலே என்ன இருக்கிறது என்று நாம் பார்த்துப் பழகியதில்லை. வண்டியின் உயரத்தைத் தாளில் பெரிதாக எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

வரிசை முக்கியம். முதலில் மட்டம்: தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சாய்வாக நின்றால் குளிராது, நாள்பட்டால் பழுதாகும். பிறகு முட்டுக்கட்டை. அதன் பிறகு கரண்ட். மின்பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டு, மின்னழுத்தம் திடீரென ஏறினால் வண்டியைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரைச் செருகி, அது சரியென்று காட்டிய பிறகே வண்டியின் கேபிளை மாட்டி பிரேக்கரைப் போடுங்கள். தண்ணீர்க் குழாயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை முதலில் திருகி, அதன் பிறகு குடிநீருக்கான வெள்ளைக் குழாய். ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால் அலமாரிக்குப் பின்னால் எங்கோ ஓர் இணைப்பு பிய்ந்து தரை நனையும்.

30 ஆம்ப் இணைப்பு என்றால் 3,600 வாட், அவ்வளவுதான். ஏசி 13 ஆம்ப், மைக்ரோவேவ் 12, பேட்டரி சார்ஜர் 5. மூன்றும் சேர்ந்தாலே எல்லை. அதற்குமேல் 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் பிரேக்கர் விழும். சமைக்கும் அரைமணி நேரம் ஏசியை நிறுத்துங்கள், அல்லது கேஸ் அடுப்பில் குக்கரை வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்குள்ள 120 வோல்ட்டில் சரியாக ஓடாது. சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துவருவது நல்லது.

சமையலில் இன்னொன்று. சாதம் வடித்த கஞ்சி, சாம்பார் மிச்சம், எண்ணெய் எதையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கழிவுத் தொட்டிக்குள் கஞ்சி புளித்து, இரண்டாம் நாள் வண்டி முழுக்க நாறும். எண்ணெய் அளவு காட்டும் உணர்கருவியில் படிந்து, காலித் தொட்டியை நிறைந்ததாகக் காட்டும். தட்டைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் வந்திறங்கிய களேபரத்தில் அடுப்புப் பக்கமே போகவேண்டாம்.

பெரும்பாலான தளங்களில் சாக்கடை இணைப்பு இல்லை. கிளம்பும்போது கழிவு இறக்கும் நிலையத்தில்தான் காலி செய்யவேண்டும். கழிப்பறைத் தொட்டியின் வால்வு அதுவரை மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, கெட்டிக் கழிவு கோபுரம் போல இறுகிவிடும்.

பிள்ளைகள்

வந்ததும், சாப்பாட்டுக்கு முன்பே, மூன்று விதிகளைச் சொல்லிவிடுங்கள்: குதிரைக்குப் பின்னால் போகக்கூடாது, பெரியவர் இல்லாமல் கயிற்றுக்குள் வரக்கூடாது, கையால் எதையும் ஊட்டக்கூடாது. குதிரைக்குத் தன் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் கண் தெரியாது. அங்கே ஓசையில்லாமல் வரும் குழந்தையை அது உதைப்பது பயத்தால்தான். தோள் பக்கமிருந்து, பேசிக்கொண்டே, அது காதைத் திருப்பிப் பார்த்தபின் நெருங்கக் கற்றுக்கொடுங்கள். பந்து, சைக்கிள், பட்டம், விரிகுடை எல்லாம் ஆர்வி வட்டத்திலேயே இருக்கட்டும். ஏறும் பிள்ளைக்குக் குதிரையேற்றத்துக்கென்றே செய்த தலைக்கவசமும், சிறு குதிகால் உள்ள காலணியும் வேண்டும். குதிகால் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள் நழுவிப் போய், விழும்போது பாதம் மாட்டிக்கொள்ளும்.

ஏரியில் உயிர்காப்பாளர் கிடையாது. ஒரு பெரியவர் போனைக் கீழே வைத்துவிட்டு நீரையே பார்த்திருக்கவேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சிறு படகிலோ கயாக்கிலோ 13 வயதுக்குட்பட்டவர் மிதவை அங்கி போட்டே ஆகவேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். மாலையில் குளிக்கவைக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்று மூன்று இலையாக வளரும், தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடியை முதல் நாளே காட்டிக்கொடுங்கள்.

உடம்புக்கு முடியாத குதிரை

காலையும் மாலையும் குதிரைக்காரர் பார்த்துக் குறிக்கவேண்டியவை: ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், எத்தனை முறை லத்தி போட்டது, வாளியில் எவ்வளவு குறைந்தது.

புல்லைத் தொடாமல் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்துப் படுத்து எழுவது: இவை கோலிக் என்னும் வயிற்று வலி. தீனியை உடனே அகற்றுங்கள். நாடி பாருங்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். புரளப் பார்த்தால் மெல்ல நடத்துங்கள். வலியைக் குறைக்கும் பனமைன் மருந்தை மருத்துவர் சொன்னபின், சொன்ன அளவில், பசையாக வாயில் மட்டும் கொடுங்கள். தசையில் ஊசியாகப் போட்டால் அந்த இடம் அழுகி உயிருக்கே ஆபத்தாகும். பூங்காவுக்கு அருகே இரவில் வரும் குதிரை மருத்துவர் யார் என்று வீட்டிலிருந்தே விசாரித்து எண்ணை எழுதி டிரெய்லர்க் கதவில் ஒட்டிவிடுங்கள். பைலட் பாயிண்ட் வட்டாரம் குதிரைப் பண்ணைகள் நிறைந்தது. மருத்துவர் கிடைப்பது சிரமமில்லை, ஆனால் நள்ளிரவில் தேடத் தொடங்கும் வேலையல்ல அது.

கிளம்பும் காலை

மதியம் 12 மணிக்குள் தளத்தைக் காலி செய்யவேண்டும். குதிரைகளுக்கு விடியலில் புல் போட்டு, தண்ணீர் காட்டி, லத்தி வாரி, குழிகளை மூடிவிட்டுக் கடைசியில் ஏற்றுங்கள். முதலில் ஏற்றிவிட்டு ஆர்விக்காகக் காத்திருந்தால், நிற்கும் டிரெய்லருக்குள் வெப்பம் மளமளவென்று ஏறும்.

கழிவு நிலையத்தில் கையுறை போட்டுக்கொண்டு, முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி. சோப்பு நீர் கடைசியில் ஓடிக் குழாயைத் தானே கழுவிக் கொடுக்கும். அங்குள்ள அலசும் குழாயைக் குடிநீர்க் குழாயோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

கயாக் கொண்டுவந்திருந்தால் கரையிலேயே கவிழ்த்து முழுக்க வடித்துவிடுங்கள். ரே ராபர்ட்ஸில் வரிக்குதிரைச் சிப்பி பரவியிருக்கிறது. படகில் தேங்கிய நீரில் அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இருக்கும். அடுத்த ஏரிக்கும் அதைக் கொண்டுபோனவர்களாகிவிடுவோம். வடிக்காமல் சாலைக்கு வருவது சட்டப்படி குற்றமும்கூட.

வீடு சேர்ந்ததும் குதிரைக்குத் தண்ணீரும் வழக்கமான உலர்புல்லும் மட்டும். தானியம் மறுநாள் காலை. அன்றிரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு போய், லத்தி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.